முரண்படும் கருத்துகளும் படத்தொகுப்பும்: முன்திரையிடல் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழில் திரைப்படத் திறனாய்வு பெரும்பாலும் கதை, பாத்திரப் படைப்பு, சமூகப் பின்புலம் ஆகியவற்றைச் சார்ந்தே நிகழ்ந்து வந்துள்ளது. படப்பிடிப்பு முடிந்த நாளுக்கும் படம் திரைக்கு வரும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரு படைப்புக்கு நேர்வது என்ன என்பது அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. படத்தொகுப்பு, ஒலிச்சேர்க்கை, பின்னணி இசை, நிறச் சீரமைப்பு ஆகிய பணிகள் நடைபெறும் அக்காலத்தில்தான் படம் முதன்முதலாகப் பிறர் பார்வைக்கு வருகிறது. தயாரிப்பாளர், விநியோகஸ்தர், நடிகர், தணிக்கையாளர், அழைத்து வரப்பட்ட பொதுப் பார்வையாளர் எனப் பலரும் கருத்துரைக்கின்றனர். அக்கருத்துகள் தம்முள் ஒத்திருப்பது அரிது. ஒருவர் நீக்கச் சொல்லும் காட்சியையே மற்றொருவர் படத்தின் உயிர்நிலை என்கிறார். இம்முரண்பாட்டை எதிர்கொண்ட முறையைப் பொறுத்துச் சில படங்கள் செம்மையுற்றன. சில படங்கள் மீட்க முடியாதவாறு சிதைந்தன.

கருத்துகள் முரண்படும்போது பெரும்பான்மையை நாடுவதா, படைப்பாளியின் விருப்பத்தையே முடிவாகக் கொள்வதா என்னும் வகையிலேயே இச்சிக்கல் வழக்கமாகப் பேசப்படுகிறது. இவ்விரு வழிகளும் போதுமானவை அல்ல என்பதை இக்கட்டுரை சில திரைப்படங்களின் வரலாற்றைக் கொண்டு ஆராய்கிறது. பார்வையாளர் கூறும் கருத்து, ஒரு குறையின் அறிகுறியே; அக்குறைக்கு உரிய தீர்வு அன்று. இவ்வேறுபாட்டை உணராத இடத்திலேயே முரண்பாடு பெரிதாகிறது என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும். நூலின் குற்றங்களையும் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் முறைகளையும் வகைப்படுத்திய தமிழ் இலக்கண மரபு இவ்வாய்விற்குக் கருவியாகக் கொள்ளப்படுகிறது.

அவையும் அரங்கும்

ஒரு படைப்பை வெளியிடும் முன் பிறர் முன்னிலையில் வைத்துச் சோதிக்கும் வழக்கம் தமிழ் மரபிற்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு உரைக்கப்பட்டுக் குற்றமற்றதாகத் தெளியப்பட்டது எனப் பனம்பாரனார் பாயிரம் கூறும். இதற்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர் ஒரு கதையையும் தருகிறார். தொல்காப்பியர்மீது சினங்கொண்ட அகத்தியர் அந்நூலைக் கேளாதிருக்குமாறு அதங்கோட்டாசானிடம் கூறினார் என்பதும், இருவரையும் பகைக்க விரும்பாத ஆசான் நூலைக் கேட்டுக் குற்றங்கூறுவதாக இசைந்தார் என்பதும், அவர் கூறிய குற்றங்களுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை தந்தார் என்பதும் அக்கதையின் சாரம்.

இக்கதையில் வரலாற்று உண்மை எவ்வளவு என்பது வேறு வினா. அரங்கேற்றத்தைப் பற்றி உரையாசிரியர் கொண்டிருந்த கருத்து இங்கு நோக்கத்தக்கது. குற்றம் கூறுபவர் நடுநிலையாளராக இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. குற்றம் காணும் நோக்குடனேயே அமர்ந்தவரின் வினாக்களும் நூலின் தெளிவிற்குப் பயன்படுகின்றன. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: நூலாசிரியர் அவையில் இருக்கிறார், வினாவைக் கேட்கிறார், விடையளிக்கிறார்.

அமெரிக்கத் திரைத்துறையில் நெடுங்காலமாக வழக்கில் உள்ள முன்திரையிடல் இதனின்று வேறுபட்டது. படத்தின் பெயரோ கதையோ அறியாத பார்வையாளர் ஓர் ஊரின் திரையரங்கில் படத்தைக் காண்கின்றனர். முடிவில் தரப்படும் அட்டையில் தம் கருத்தை எழுதிச் செல்கின்றனர். கருத்துரைத்தவர் யார் என்பது தெரியாது. அவரிடம் மறுவினா கேட்க இயலாது. படைப்பாளி விடையளிக்கவும் இடமில்லை. வினாவும் விடையுமாக இருந்த ஒன்று, எண்ணிக்கையாக மாறிவிடுகிறது. இம்மாற்றத்தின் விளைவை 1942ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று தெளிவாகக் காட்டுகிறது.

பொமோனாவும் பசடீனாவும்

ஆர்சன் வெல்ஸ் தம் முதற்படமான 'சிட்டிசன் கேன்' என்பதனை 1941இல் வெளியிட்டார். அப்படத்தில் இறுதித் தொகுப்புரிமை அவரிடமே இருந்தது. ஆர்.கே.ஓ. நிறுவனத்திற்காக அவர் இயக்கிய அடுத்த படமான 'தி மேக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்' உருவானபோது அவ்வுரிமை அவரிடம் இல்லை. படப்பிடிப்பு முடிந்ததும் அவர் வேறொரு படத்திற்காகப் பிரேசில் சென்றுவிட்டார். படத்தொகுப்பாளர் ராபர்ட் வைஸ் ஹாலிவுட்டில் இருந்தார். வைஸ் பிரேசில் சென்று வெல்சுடன் அமர்ந்து பணியை முடிப்பது என்பது முதற்றிட்டம். போர்க்காலப் பயணக் கட்டுப்பாட்டால் அது நிறைவேறவில்லை. இருவருக்கும் இடையே தந்திகளே பாலமாயின.

ஏறத்தாழ 131 நிமிடம் ஓடிய படத்தின் நடுப்பகுதியில் கணிசமான பகுதியை நீக்குமாறு பிரேசிலிலிருந்து வெல்சே பணித்தார். அவ்வாறு குறைக்கப்பட்ட வடிவம் 1942ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் கலிஃபோர்னியாவின் பொமோனா நகரில் திரையிடப்பட்டது. போர்க்கால மனநிலையில் இருந்த மக்கள் அன்று முதலில் ஓர் இசை நகைச்சுவைப் படத்தைக் கண்டிருந்தனர். அதன்பின், வீழ்ந்துபோன ஒரு செல்வக் குடும்பத்தின் துயரக் கதை அவர்கள் முன் வைக்கப்பட்டது. சிலர் சிரித்தனர், சிலர் எழுந்து சென்றனர். எழுதித் தரப்பட்ட 125 அட்டைகளுள் 72 அட்டைகள் படத்தை ஏற்கவில்லை. எஞ்சிய அட்டைகளுள் மிகுந்த பாராட்டும் இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பசடீனா நகரில், நீக்கப்பட்டவற்றுட் சில மீண்டும் சேர்க்கப்பட்ட வடிவம் திரையிடப்பட்டபோது வரவேற்பு குறிப்பிடத்தக்க அளவில் மேம்பட்டிருந்தது.

இங்கு இரண்டு வேறுபட்ட கருத்துத் தொகுதிகள் உள்ளன. ஊர் வேறு, உடன் காட்டப்பட்ட படம் வேறு, திரையிடப்பட்ட வடிவமும் வேறு. நடுப்பகுதி நீங்கிய வடிவம் வெறுக்கப்பட்டது. அப்பகுதியிற் சில மீண்ட வடிவம் ஓரளவு விரும்பப்பட்டது. படம் நீளம் என்பதைக் காட்டிலும், படத்தின் இணைப்பு அறுந்திருந்தது என்பதே பொமோனாவின் சினத்திற்குக் காரணமாக இருந்திருக்கக்கூடும். இவ்வாறு ஆராய்ந்து பார்க்க வாய்ப்பிருந்தும் நிறுவனம் அதனைப் பயன்படுத்தவில்லை. நிறுவனத் தலைவர் ஜார்ஜ் ஷேஃபரைப் பொமோனாவின் அச்சமே ஆட்கொண்டது. படம் 88 நிமிடமாகக் குறுக்கப்பட்டது. வெல்ஸ் இல்லாமலே புதிய காட்சிகள் படமாக்கப்பட்டன. முதுமையும் வறுமையும் சூழ்ந்த ஒரு தங்கும் விடுதியில் முடிந்த படம், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஆறுதல் மொழிகளுடன் முடிந்தது. தம் இசை சிதைக்கப்பட்டதால் பெர்னார்ட் ஹெர்மன் தம் பெயரைப் படத்திலிருந்து நீக்கச் செய்தார். நீக்கப்பட்ட பகுதிகளின் நெகட்டிவ் பின்னர் அழிக்கப்பட்டது. மூல வடிவம் இன்றுவரை கிடைக்கவில்லை.

1942 ஜூலையில் வெளிவந்த படம் வணிக முறையில் தோல்வியுற்றது. பொமோனாவில் வெறுத்தவரை அது மகிழ்விக்கவில்லை. பாராட்டியவர் கண்ட படமாகவும் அது இல்லை. எனினும் சிறந்த படம் உள்ளிட்ட நான்கு பிரிவுகளில் ஆஸ்கார் பரிந்துரையைப் பெற்றது என்பது, சிதைவிற்குப் பின்னும் எஞ்சி நின்ற ஆற்றலைக் காட்டும். எதிரெதிரான இரு கருத்துகளின் நடுப்புள்ளி, அவற்றுள் எவருடைய கருத்தும் அன்று என்பதே இந்நிகழ்ச்சி தரும் முதற்பாடம்.

வெல்சைக் குற்றமற்றவராகவும் நிறுவனத்தைக் கொடியதாகவும் காட்டும் மரபு திரைப்பட வரலாற்றில் வலுவாக உள்ளது. அது முழு உண்மையாகாது. முழுமையான வடிவத்தைப் பார்வையாளருடன் அமர்ந்து ஒருமுறையேனும் காணாமல், தொலைவிலிருந்து பெரும்பகுதியை நீக்கச் சொன்னவர் அவரே. அரங்கேற்றத்தில் ஆசிரியர் அவையில் இருந்தாக வேண்டும் என்னும் நிபந்தனை இங்கு இரு தரப்பாலும் மீறப்பட்டது.

வலி தோன்றும் இடமும் நோய் இருக்கும் இடமும்

'தி கான்வர்சேஷன்', 'அபோகலிப்ஸ் நவ்', 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' முதலிய படங்களில் தொகுப்பாளராகவும் ஒலி வடிவமைப்பாளராகவும் பணியாற்றிய வால்டர் மர்ச், படத்தொகுப்புக் கலை பற்றிய தம் நூலில் முன்திரையிடல் குறித்து ஒரு மருத்துவ ஒப்புமையைக் கையாள்கிறார். கைமுட்டி வலிக்கிறது என்று நோயாளி கூறுகிறார். முட்டியை அறுத்துப் பார்க்கும் மருத்துவர் ஒன்றும் காணமாட்டார். தோளில் நரம்பு அழுந்தியிருப்பதால் முட்டியில் வலி தோன்றக்கூடும். வலி உண்மை, அதன் இடம் பற்றிய நோயாளியின் முடிவு தவறு. ஒரு குறிப்பிட்ட காட்சி பிடிக்கவில்லை என்று பார்வையாளர் பலர் கூறினாலும், அக்காட்சியைப் புரிந்துகொள்ளத் தேவையான செய்தி முன்னரே தரப்படாமையே காரணமாக இருக்கலாம் என்பது மர்ச்சின் விளக்கம்.

நோய் யாது, அதன் மூலம் யாது, அதனைத் தணிக்கும் வழி யாது என மூன்றையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்னும் திருக்குறளின் மருந்து அதிகாரக் கருத்தோடு இது ஒப்புநோக்கத்தக்கது. பார்வையாளர் முதலாவதை மட்டும் அறிவார். அதில் அவரை மறுக்க எவராலும் இயலாது. சலிப்புற்றேன் என்பவரிடம் சலிப்புறவில்லை என்று வாதிட முடியாது. இரண்டாவதும் மூன்றாவதும் படம் முழுவதையும் கையிற் கொண்டிருப்பவரின் பொறுப்பு.

பில்லி வைல்டரின் 'சன்செட் பூலவார்ட்' (1950) இதற்கு ஏற்ற சான்று. பிணவறையில் கிடத்தப்பட்ட உடல்கள் தாம் இறந்த கதையைத் தமக்குள் பேசிக்கொள்வதாக அப்படம் முதலில் தொடங்கியது. இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரில் நடந்த முன்திரையிடலில் மக்கள் அக்காட்சியைக் கண்டு சிரித்தனர். இறந்தவன் கதை சொல்லும் உத்தியே நகைப்பிற்கிடமானது என்று கருதி அதனைக் கைவிட்டிருக்கலாம். வைல்டர் அவ்வாறு செய்யவில்லை. பிணவறையை மட்டும் நீக்கினார். நீச்சற்குளத்தில் மிதக்கும் உடலும் அவ்வுடலுக்குரியவனின் குரலும் படத்தைத் தொடங்கி வைத்தன. சிரிப்பு நின்றது, உத்தி நிலைத்தது. பார்வையாளரின் சிரிப்பை அவர் முழுமையாக ஏற்றார். ஆனால் அதன் காரணத்தைத் தாமே கண்டறிந்தார்.

ஓரிடத்தில் செய்யும் மாற்றம் வேறோரிடத்தில் வெளிப்படும் என்பதற்கு ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975) சான்றாகிறது. 1975 மார்ச்சில் டல்லஸ் நகரில் நடந்த முன்திரையிடல் பெருவெற்றி பெற்றது. ஆயினும் இன்னும் ஓர் அலறலைப் பெற விரும்பிய இயக்குநர், மூழ்கிய படகின் துளையிலிருந்து இறந்தவரின் தலை வெளிப்படும் காட்சியைத் தொகுப்பாளர் வெர்னா ஃபீல்ட்சின் வீட்டு நீச்சற்குளத்தில் மீண்டும் படமாக்கினார். எதிர்பார்த்த அலறல் கிடைத்தது. ஆனால் அதன்பின் சுறா முதன்முதலாக முழுமையாகத் தலைகாட்டும் இடத்தில் முன்பு எழுந்த அலறல் குறைந்தது எனப் பின்னாளில் அவரே கூறியுள்ளார். ஒருமுறை அஞ்சிய பார்வையாளர் எச்சரிக்கையுடன் அமர்ந்துவிட்டனர். திரைப்படம் காலத்தில் நிகழும் கலையாதலின் அதன் எப்பகுதியும் தனித்து நிற்பதில்லை. ஒரு காட்சியைப் பற்றிய கருத்து, அதற்கு முன் நிகழ்ந்த அனைத்தையும் பற்றிய கருத்தாகும்.

'மெதுவாக உள்ளது' என்னும் கருத்து

முன்திரையிடலில் மிகுதியாகக் கேட்கப்படும் கருத்து, படம் மெதுவாக உள்ளது என்பதாகும். இதற்கு உடனடித் தீர்வாகக் கொள்ளப்படுவது வெட்டுதல். நூலுக்குரிய பத்துக் குற்றங்களாகப் பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் தொகுத்துள்ளவற்றைக் கொண்டு இக்கருத்தைப் பகுத்துப் பார்த்தால், ஒரே சொல் பல நோய்களைக் குறிப்பது புலனாகும்.

ஒரு காட்சி தன் பணி முடிந்த பின்னும் நீடிப்பின் அது மிகைபடக் கூறல். இரண்டு காட்சிகள் ஒரே செய்தியைத் தரின் அது கூறியது கூறல். கிளைக்கதை மையக்கதையினின்று விலகி வளரின் அது மற்றொன்று விரித்தல். இம்மூன்றிற்கும் வெட்டுதல் பொருந்தும். ஆனால் பாத்திரம் ஒன்று ஏன் அவ்வாறு நடந்துகொள்கிறது என்பதற்கான செய்தி விடுபட்டிருப்பின் அது குன்றக் கூறல். யார் யாருக்கு என்ன உறவு என்பது தெளிவின்றி இருப்பின் அது மயங்க வைத்தல். இவ்விடங்களிலும் பார்வையாளர் சலிப்பையே உணர்வர். அட்டையில் மெதுவாக உள்ளது என்றே எழுதுவர். இங்கு வெட்டினால் நோய் மிகும். சில நொடிகளைச் சேர்ப்பதே படத்தை விரைவாக்கும். தொடக்கத்தில் வலுவாக இருந்து போகப்போகத் தளர்வது சென்று தேய்ந்து இறுதல். அதற்குத் தீர்வு வெட்டுதலும் அன்று, சேர்த்தலும் அன்று, வரிசையை மாற்றுதலாக இருக்கக்கூடும்.

இவ்வகைப்பாடு முரண்பட்ட கருத்துகளை அணுகப் பெரிதும் துணைசெய்கிறது. படம் நீளம் என்று ஒருவரும், கதை அவசரமாக ஓடுகிறது என்று மற்றொருவரும் கூறும்போது இருவருள் ஒருவர் தவறு என்று கொள்ள வேண்டியதில்லை. மயங்க வைத்தல் என்னும் ஒரே குற்றத்தை ஒருவர் சலிப்பாகவும் மற்றொருவர் அவசரமாகவும் உணர்ந்திருக்கலாம். தீர்வுகளாகக் கேட்கும்போது எதிரெதிராக நிற்பவை, அறிகுறிகளாகக் கேட்கும்போது ஒன்றுபடுவது உண்டு.

புரியவில்லை என்னும் கருத்தும் இத்தகையதே. ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' 1982இல் டென்வர், டல்லஸ் நகரங்களில் முன்திரையிடப்பட்டபோது பலருக்கு அது விளங்கவில்லை. நாயகனின் பின்குரல் விளக்கமும் இனிய முடிவும் சேர்க்கப்பட்டன. அம்முடிவிற்கான வான்வழிக் காட்சிகள் ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' படத்திற்காக எடுத்துப் பயன்படுத்தப்படாதவற்றிலிருந்து பெறப்பட்டன. 1992இல் வெளியான இயக்குநர் வடிவத்திலும் 2007இல் வெளியான இறுதி வடிவத்திலும் இவ்விரண்டும் நீக்கப்பட்டன. படம் பெரிதும் போற்றப்பட்டது. இதனைக் கொண்டு முதற் பார்வையாளர் தவறினர் என்று முடிவுகட்டுவது பொருந்தாது. 1992இன் பார்வையாளருட் பலர் பத்தாண்டுகளாக அக்கதையை அறிந்தவர். விளக்கத்தை ஏற்கெனவே கேட்டவர். புரியவில்லை என்ற 1982இன் உணர்வு மெய்யானது. அதற்குப் பின்குரலே மருந்து என்ற முடிவுதான் ஆய்விற்குரியது.

ஆணையும் அச்சமும்

கருத்துகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. ரமேஷ் சிப்பி இயக்கத்தில் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் வெளிவந்த 'ஷோலே' இதனை விளக்கும். முன்னாள் காவல் அதிகாரியான தாக்கூர், ஆணி பதித்த காலணிகளால் கப்பர் சிங்கை மிதித்துக் கொல்வதாக முடிவு படமாக்கப்பட்டிருந்தது. நெருக்கடி நிலை நடப்பில் இருந்த அக்காலத்தில் தணிக்கைக் குழு இதனை ஏற்கவில்லை. காவலர் வந்து தடுத்துக் கப்பரைக் கைது செய்வதாக முடிவு மீண்டும் படமாக்கப்பட்டது. இது கருத்தன்று, ஆணை. ஆணைக்கு இணங்கலாம், மேல்முறையீடு செய்யலாம். அதிலிருந்து படத்தின் குறையைக் கண்டறிய முயல்வது வீண். தணிக்கையாளரின் மறுப்பு, காட்சி வலுவிழந்ததால் எழுந்ததன்று. வலுவாக இருந்ததால் எழுந்தது.

படம் வெளியான முதல் நாள்களில் வேறொரு வகைக் கருத்து எழுந்தது. திரையரங்குகளில் ஆரவாரம் இல்லை. வணிக வட்டாரம் தோல்வி என்று கணித்தது. அமிதாப் பச்சன் நடித்த ஜெய் என்னும் பாத்திரம் இறவாதிருக்குமாறு முடிவை மாற்றிப் படமாக்கலாமா எனப் படக்குழுவினர் கூடி ஆராய்ந்தனர். சிப்பி பொறுத்திருந்து பார்க்க முடிவு செய்தார். மாற்றம் செய்யப்படவில்லை. பார்வையாளரின் அமைதி சலிப்பால் விளைந்ததன்று, ஒன்றிப்போனதால் விளைந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பம்பாய் மினர்வா திரையரங்கில் படம் ஐந்தாண்டுகளுக்கு மேல் ஓடியது.

ஒரே படத்தில், ஒரே முடிவுப் பகுதியை ஒட்டி, ஓர் ஆணைக்கு இணக்கமும் ஓர் அச்சத்திற்கு மறுப்பும் நிகழ்ந்துள்ளன. அச்சத்தின் குரல் பார்வையாளரின் குரலாக வேடமிட்டு வருவது தொழிற்சூழலில் இயல்பு. மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று கூறுபவர் மக்களின் சார்பில் சான்று தருகிறாரா, தம் முதலீட்டைப் பற்றிய கவலையைக் கூறுகிறாரா எனப் பிரித்தறிதல் இன்றியமையாதது. கவலையும் மதிக்கத்தக்கதே, ஆயினும் அது கவலையாகவே கேட்கப்பட வேண்டும். படச்சுருள்கள் எஞ்சியிருந்ததன் பயனும் குறிப்பிடத்தக்கது. தணிக்கைக்கு முந்தைய முடிவுடன் சீரமைக்கப்பட்ட 'ஷோலே' 2025 ஜூனில் இத்தாலியின் பொலோனா நகரில் திரையிடப்பட்டது. ஆம்பர்சன்ஸ் பெறாத மறுவாழ்வு இது.

வெல்சின் 58 பக்கங்கள்

பொமோனாவிற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து வெல்ஸ் அதே நிலைக்கு மீண்டும் தள்ளப்பட்டார். யூனிவர்சல் நிறுவனத்திற்காக அவர் இயக்கிய 'டச் ஆஃப் ஈவில்' அவரிடமிருந்து எடுக்கப்பட்டு, மாற்றித் தொகுக்கப்பட்டது. புதிய காட்சிகள் வேறொருவரால் படமாக்கப்பட்டன. மாற்றப்பட்ட வடிவத்தை ஒருமுறை கண்ட வெல்ஸ், 1957 டிசம்பரில் நிறுவனத்தின் தயாரிப்புத் தலைவர் எட்வர்ட் மூலுக்கு 58 பக்கக் குறிப்பு ஒன்றை எழுதினார்.

இம்முறை கருத்துரைப்பவர் இடத்தில் இயக்குநரே நின்றார். அவர் தம் வடிவத்தை மீட்டுத் தருமாறு வாதிடவில்லை. நிறுவனத்தின் வடிவத்தை ஏற்றுக்கொண்டு, அதன் நோக்கத்திற்குள் நின்றே எவ்விடத்தில் எதனை ஏன் மாற்ற வேண்டும் என்று விளக்கினார். படத்தின் புகழ்பெற்ற தொடக்க ஷாட்டின்மேல் பெயர்களும் இசையும் இடப்பட்டிருந்தன. அவற்றை நீக்கி, எல்லை நகரத் தெருவின் வானொலிகளும் இரவு விடுதிகளும் எழுப்பும் ஒலிகளே மாறிமாறிக் கேட்க வேண்டும் என்றார். கணவன், மனைவி ஆகிய இருவரின் கதைகளையும் இடையிட்டுத் தொகுக்க வேண்டியதன் காரணத்தைக் கூறினார். ஒவ்வொரு கருத்தும் குறையையும், காரணத்தையும், தீர்வையும் தனித்தனியே கொண்டிருந்தது. நிறுவனம் அவற்றுட் பெரும்பாலானவற்றை அன்று ஏற்கவில்லை. படம் 1958இல் வெளியாயிற்று. 1998இல் அக்குறிப்பை வழிகாட்டியாகக் கொண்டு படத்தை மீண்டும் தொகுத்தவர் வால்டர் மர்ச். நாற்பதாண்டுகளுக்குப் பின் வேறொருவர் பின்பற்றத்தக்க தெளிவுடன் ஒரு கருத்து எழுதப்பட்டிருந்தது என்பதே அதன் தரத்திற்குச் சான்று.

எழுவகை மதமும் முடிவெடுத்தலும்

பிறர் கருத்தை எதிர்கொள்ளும் நிலைகளை நன்னூல் எழுவகை மதம் என வகுக்கிறது. பிறர் கருத்திற்கு உடன்படுதல், மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தானே ஒன்றை நிறுவி நிலைநாட்டுதல், இருவர் மாறுபடக் கூறுவனவற்றுள் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல், பிறவற்றோடு சேராது தன் கொள்கையைக் கொள்ளுதல் என்பன அவை. இவை நூலாசிரியர் பிற நூலாசிரியர் கருத்துகளை எதிர்கொள்ளும் நிலைகளே. பார்வையாளர் கருத்தை நோக்கி வகுக்கப்பட்டவை அல்ல. ஆயினும் உடன்படுதலும் மறுத்தலும் மட்டுமே வழிகள் என்று கருதும் இன்றைய நோக்கினை இவ்வகைப்பாடு விரிவாக்குகிறது.

வைல்டர் உடன்பட்டார், சிப்பி மறுத்தார். வெல்சின் குறிப்பு பிறர் ஆக்கத்தின் குற்றத்தைக் காட்டியது. படத்தொகுப்பறையில் மிகுந்த பயன் தருவது மூன்றாவது நிலை. ஒருவர் கூறும் மாற்றத்தை மறுத்து வாதிடுவதற்கு மாறாக, அம்மாற்றத்தைச் செய்து பார்த்து, அதன் விளைவை அவருடன் அமர்ந்து காண்பது அது. மாற்றம் பொருந்தாவிடில் அதனை அவரே உணர்வார். பொருந்தின் படம் பயனுறும். ஐந்தாவது நிலையான ஒருதலை துணிதல், இவையெல்லாம் முடிந்த பின்னரே வர வேண்டுவது. எல்லா முரண்பாடுகளும் அறிகுறி நிலையில் ஒன்றுபடுவதில்லை. துயர முடிவை விரும்புபவருக்கும் வெறுப்பவருக்கும் இடையே மறைந்த ஒற்றுமை ஏதும் இராது. அங்கு ஒருவர் துணிந்தாக வேண்டும். அவர் படம் முழுவதையும் அறிந்தவராகவும், பார்வையாளருடன் அமர்ந்து கண்டவராகவும் இருக்க வேண்டும். ஆம்பர்சன்ஸ் விவகாரத்தில் துணிந்தோருள் இவ்விரு தகுதியும் ஒருங்கே பெற்றவரிடம் அதிகாரம் இல்லை.

கருத்து அறிகுறி மட்டுமே என்னும் கொள்கை, பார்வையாளரைப் புறந்தள்ளுவதற்குச் சாக்காகும் என ஒரு மறுப்பு எழலாம். நோயாளியின் சொல்லை நம்பாத மருத்துவரை இக்கொள்கை ஆதரிக்கவில்லை. காரணத்தைத் தேடும் உரிமை, குறை உண்டு என்பதை ஏற்றுக்கொண்டவருக்கே உரியது. குறையையே மறுத்துவிட்டுத் தீர்வை மட்டும் தள்ளுபவர் கருத்தைக் கேட்டவராகார்.

எண்ணியத் தொகுப்பில்

இன்று படங்களும் விளம்பரங்களும் ஆவணப்படங்களும் கணினியில் தொகுக்கப்படுகின்றன. தொகுப்பின் வடிவங்கள் இணையவழியே பலருக்கு அனுப்பப்பட, அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே குறிப்பிட்ட நொடியைச் சுட்டிக் கருத்தெழுதுகின்றனர். இதனால் விளைந்த நன்மை பெரிது. முந்தைய வடிவம் எதுவும் அழிய வேண்டியதில்லை. பிறர் கூறும் மாற்றத்தைச் செய்து பார்த்து மீள்வது எளிது. ஆனால் மர்ச் சுட்டிய பிழைக்கு இம்முறை புதிய வலுவையும் தருகிறது. நொடியோடு பிணைக்கப்பட்ட கருத்து, வலி தோன்றிய இடத்தையே நோயின் இடமாகப் பதிவு செய்துவிடுகிறது. கருத்துரைப்பவர் படத்தை நிறுத்தி நிறுத்திக் காண்பதால், இடையறாது காணும் பார்வையாளரின் உணர்வும் அவருக்குக் கிட்டுவதில்லை. பட்டியலாக வரும் திருத்தங்களை ஒவ்வொன்றாக நிறைவேற்றி முடிக்கும் தொகுப்பாளர் அனைவரையும் மகிழ்வித்தவராவார், படத்தைச் செம்மைப்படுத்தியவராகார்.

முடிவுரை

பின்தயாரிப்பில் எழும் முரண்பட்ட கருத்துகளை எண்ணிக்கையால் தீர்க்க முற்படுவது, அவற்றைப் புறக்கணிப்பதைப் போலவே தீங்கானது. ஆணை, அச்சம், உணர்வு ஆகிய மூன்றும் கருத்தென்னும் ஒரே பெயரில் வருவதால், அவற்றைப் பிரித்தறிதல் முதற்கடமையாகிறது. உணர்வைக் கூறும் கருத்துகளுள் குறையை ஏற்று, காரணத்தைத் தேடி, தீர்வைச் சோதித்தல் அடுத்த கடமை. அதன்பின்னும் எஞ்சும் முரண்பாடுகளில் ஒருவர் பொறுப்பேற்றுத் துணிதல் வேண்டும். துணிவு தவறாயினும் மீள வழியிருக்கும் வகையில் முந்தைய வடிவம் காக்கப்பட வேண்டும்.

பொமோனாவில் படத்தை வெறுத்த 72 பேரும் தாம் உணர்ந்ததையே எழுதினர். அவர்கள்மீது குற்றமில்லை. அவர்கள் எழுதியதன் பொருளைக் கண்டறியும் பொறுப்பை ஏற்க எவரும் முன்வரவில்லை என்பதே அப்படத்தின் இழப்பிற்குக் காரணம் எனலாம். குற்றங்காணும் நோக்குடன் அமர்ந்த அதங்கோட்டாசான் முன் தொல்காப்பியம் தெளிவுற்றது என்று உரையாசிரியர் கூறும் கதை, இழந்துபோன அப்பொறுப்பை நினைவூட்டுகிறது.